நல்ல முகவரின் ஏடுகள்: ஜோன் கிளம்மின் அபாச்சி எழுத்துக்கள் பற்றிய சில விமர்சனக் குறிப்புகள்

1. வாசிப்பின் பிரச்சினை

ஐக்கிய அமெரிக்காவின் அரிசோனாப் பல்கலைக்கழக நூலகத்திற் பேணப்பட்டுவரும் சிறப்புச் சேகரிப்புக்களுள் ஜோன் பிலிப் கிளம் (1851–1932) என்பாரின் ஏடுகளும் ஒன்றாகும். கிளம் 1874 ஓகஸ்ட் தொடக்கம் 1877 யூலை வரை, சான் கார்லோஸ் என்னும் ஒதுக்கு நிலத்திலே அபாச்சி மக்களுக்கான அரசாங்க முகவராகக் கடமையாற்றியவர். பதவியேற்றபோது அவருக்கு வயது இருபத்துமூன்று நிறையவில்லை.

'அரசாங்க முகவர்' என்றதும் பிரித்தானியர் காலத்து இலங்கையில் மாகாணமொன்றின் வருமானத்தையும் நிலத்தையும் நிருவகித்த ஏசண்டுத்துரையே எமது வாசகரின் நினைவுக்கு வரக்கூடும். அமெரிக்க முகவரின் பணி அதனின்றும் வேறுபட்டது. அவர் மாகாணமொன்றுக்கு அன்றி ஒரு குறித்த ஆதிக்குடி மக்களுக்கு, அவர்கள் அடைக்கப்பட்ட நிலத்துக்கு, பொறுப்பாளர். அம்மக்களை எண்ணுதல், உணவு பங்கிடுதல், பயிர்செய்யப் பழக்குதல், எல்லை தாண்டாமற் காத்தல் ஆகியன அவர் கடமைகள்.

கிளம்மின் எழுத்துக்களை நான்கு படிகளாக வகுத்து நோக்கலாம். பதவிக் காலத்து ஆண்டறிக்கைகள், கடிதங்கள், தந்திகள் முதலாவது படி. முதுமையில், 1928 தொடக்கம் 1931 வரை, நியூ மெக்சிக்கோ, அரிசோனா ஆகிய இடங்களின் வரலாற்றுச் சஞ்சிகைகளுக்கு அவர் எழுதிய நினைவுக் கட்டுரைகள் இரண்டாவது. அவர் மகன் வூட்வேர்த் கிளம் 1936இல் வெளியிட்ட 'அபாச்சி முகவர்' என்னும் வாழ்க்கை வரலாறு மூன்றாவது. அந்நூலை ஆதாரமாகக்கொண்டு 1956இல் வெளிவந்த ஹொலிவூட் திரைப்படம் நான்காவது. ஒரே நிகழ்ச்சித் தொடர் அறிக்கையாகவும் நினைவாகவும் சரிதையாகவும் திரைக்கதையாகவும் உருமாறும் இப்போக்கு இலக்கிய மாணவரின் கவனத்துக்கு உரியது.

கிளம்மை நாம் தெரிந்துகொண்டமைக்குக் காரணம் உண்டு. அவர் கொடியவரல்லர். அவருக்குப் பின் அப்பதவியிலிருந்த ஹென்றி ஹார்ட் ஊழற் குற்றச்சாட்டின் மத்தியிற் பதவி துறந்தவர். ஹார்ட்டை அடுத்து வந்த ரிபனியின் நிருவாகத்தை 1882இல் டூசன் நகரிற் கூடிய பெருஞ் சான்றாயம் வன்மையாகக் கண்டித்தது. கிளம்மின்மீது அத்தகைய குற்றச்சாட்டு நிலைபெறவில்லை. அபாச்சி மக்களைக் கொன்றொழிப்பதே வழி என்ற குரல் எல்லைப்புறப் பத்திரிகைகளில் ஓங்கியிருந்த காலத்தில், அம்மக்களைப் பொலிசாராகவும் நீதிபதிகளாகவும் அமர்த்தி ஆட்சி நடத்தலாம் என்று வாதிட்டவர் அவர். ஊழல் புரிந்தோரின் ஏடுகளை விமர்சிப்பதற்குக் கோட்பாடு எதுவும் வேண்டியதில்லை. பொது ஒழுக்கமே போதும். நேர்மையான ஆட்சியாளனின் எழுத்தை எதிர்கொள்ளும்போதே முற்போக்கு விமர்சனத்தின் கருவிகள் சோதனைக்கு உள்ளாகின்றன.

கிளம்மின் ஏடுகள் வாசகனை ஒரு வழக்கின் நடுவராக அமர்த்துகின்றன. வழக்கு, குடிசார் நிருவாகத்துக்கும் படைக்கும் இடையிலானது. வாசகன் இரு தரப்பையும் கேட்டு, பெரும்பாலும் கிளம்மின் பக்கமே தீர்ப்பளிக்கிறான். அவ்வாறு தீர்ப்பளிக்கும்போது, இரு தரப்பாருக்கும் பொதுவான எடுகோளான அபாச்சி நிலத்தின் வெறுமையாக்கம் விசாரணைக்கு வராமலே போய்விடுகிறது. இதுவே நாம் நிறுவ விழைவது.

2. வரலாற்றுப் பின்னணி

1848ஆம் ஆண்டு உடன்படிக்கையாலும் 1850களின் நடுப்பகுதியிற் செய்த நிலக் கொள்வனவாலும் ஐக்கிய அமெரிக்கா மெக்சிக்கோவிடமிருந்து பெற்ற பரப்பினுள் அபாச்சி மக்களின் நிலம் அடங்கியிருந்தது. விற்றவரும் வாங்கியவரும் அங்கு வாழ்ந்தோரைக் கேட்கவில்லை. 1871இல் அமெரிக்கக் காங்கிரஸ், ஆதிக்குடிகளுடன் இனி உடன்படிக்கை செய்வதில்லை எனச் சட்டமியற்றியது. அதன்பின் அரிசோனாவில் ஒதுக்கு நிலங்களை உருவாக்குவதும் குறுக்குவதும் ஒழிப்பதும் சனாதிபதியின் ஒரு கையொப்பத்தால் ஆகக்கூடிய காரியங்களாயின.

அதே 1871 ஏப்ரில் 30இல், படையினரின் பாதுகாப்பை நம்பிக் காம்ப் கிராண்ட் கோட்டையருகே தங்கியிருந்த அறவைப்பா அபாச்சி மக்களை, டூசன் நகரிலிருந்து புறப்பட்ட கூட்டமொன்று விடியற்காலையிற் கொன்றது. இறந்தோர் நூற்றுக்கு மேற்பட்டோர். மிகப் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். எஞ்சிய குழந்தைகளுட் பலர் கவர்ந்து செல்லப்பட்டனர். ஆண்டிறுதியில் நடந்த விசாரணையிற் சான்றாயத்தார் இருபது நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் எதிரிகள் அனைவரையும் விடுதலை செய்தனர். அம்மக்களின் தலைவரான எஸ்கிமின்சின் உயிர் தப்பினார். அவரை மீண்டும் சந்திப்போம்.

சனாதிபதி கிராண்டின் 'சமாதானக் கொள்கை' இத்தகைய நிகழ்ச்சிகளின் பின்னணியிலே செயற்பட்டது. முகவர் பதவிகளை நிரப்பும் பொறுப்பு கிறித்தவத் திருச்சபைகளுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. அரிசோனா, ஒல்லாந்துச் சீர்திருத்தத் திருச்சபையின் பங்காயிற்று. அத்திருச்சபையோடு தொடர்புடைய ரட்கேர்ஸ் கல்லூரியிற் பயின்றவர் என்ற தகுதியே, சான்ரா பே நகரில் வானிலை அவதானிப்பாளராயிருந்த கிளம்முக்கு இப்பதவியைத் தேடித்தந்தது.

இவ்விடத்து, படைக்கும் குடிசார் நிருவாகத்துக்கும் இடையிலான பூசலின் பொருளாதார அடிப்படையையும் மனங்கொள்ளல் வேண்டும். அன்றைய அரிசோனாவிற் பணப்புழக்கத்தின் பிரதான ஊற்றுக்களுள் ஒன்று அரசாங்கக் கொள்வனவாகும். படைக்கு வைக்கோலும் தானியமும் இறைச்சியும் விற்றவரும், ஒதுக்கு நிலத்துக்கு மாவும் மாடும் விற்றவரும் பெரும்பாலும் ஒரே வணிகக் குழுவினரே. ஜெனரல் குறூக்கின் கீழ்ப் பணியாற்றிய ஜோன் போர்க் 1891இல் வெளியிட்ட தமது நூலில் இவர்களை 'டூசன் வளையம்' எனக் குறித்து, வேர்டே பள்ளத்தாக்கில் ஆதிக்குடிகள் வாய்க்கால் வெட்டித் தாமே விளைவித்து உண்ணத் தொடங்கியமை இக்குழுவினருக்கு உவப்பளிக்கவில்லை என்றும், அங்கிருந்தோர் அகற்றப்பட்டமைக்கு இவர்களின் செல்வாக்கே காரணம் என்றும் குற்றஞ்சாட்டினார். உழைத்து உண்பவன் இவ்வணிகத்துக்கு நட்டம். பங்கீட்டுக்குக் கையேந்தி நிற்பவனே இலாபம்.

3. அறிக்கையின் மொழி

வேர்டேயிலிருந்து 1875 பெப்ரவரி, மார்ச் மாதங்களிற் சுமார் 1,400 பேர் குளிர்கால மலைவழியாகச் சான் கார்லோசுக்கு நடத்திச் செல்லப்பட்டனர். வழியில் நிகழ்ந்த மரணங்கள் பல. இவர்களுட் பெருந்தொகையினர் யவப்பாய் மக்கள். அபாச்சி மொழியோடு உறவற்ற வேறொரு மொழியைப் பேசுவோர். எனினும், நிருவாக ஏடுகளில் இவர்கள் 'மொஹாவே அபாச்சி' என்றும் 'யூமா அபாச்சி' என்றும் பதிவாயினர். ஆட்சியின் பட்டியல் ஓர் இனத்தின் பெயரை மாற்றி எழுதும் ஆற்றல் வாய்ந்தது என்பதற்கு இது தக்க சான்று. அந்நடைப்பயணத்தை யவப்பாய் மக்கள் இன்றும் ஆண்டுதோறும் பெப்ரவரியில் நினைவுகூருகின்றனர்.

அப்பயணத்தை நடத்தியவர் கிளம் அல்லர். முடிவிற் பொறுப்பேற்றவர் மட்டுமே. ஆயின், அடுத்துவந்த அகற்றல்கள் அவர் கைவண்ணமே. 1875 கோடையில் வெண்மலை அபாச்சி மக்களுட் பெரும்பகுதியினர் அபாச்சிக் கோட்டையருகிலிருந்து கொண்டுவரப்பட்டனர். 1876 யூனில், தலைவர் கொச்சீஸோடு ஜெனரல் ஹவார்ட் 1872இற் செய்த இணக்கத்தாற் கிடைத்த நிலத்திலிருந்து சிரிக்காஹுவா மக்களுள் 325 பேர் அகற்றப்பட்டனர். 1877இல் நியூ மெக்சிக்கோவின் ஓஹோ கலியந்தேயிலிருந்து 453 பேர் கொண்டுவரப்பட்டனர். கிளம் பதவி விலகியபோது சான் கார்லோசில் நாலாயிரத்துக்கு மேற்பட்டோர் குவிக்கப்பட்டிருந்தனர். ஒருவரோடொருவர் பகைகொண்ட குழுவினரும், மலைக்காட்டுக் குளிர்ச்சிக்குப் பழகியோரும், கீலா ஆற்றங்கரையின் வெப்பத்திலும் காய்ச்சலிலும் ஒருங்கு வாழ வேண்டியவராயினர்.

இவை பற்றிய அறிக்கைகளின் மொழிநடை கூர்ந்து நோக்கத்தக்கது. சிரிக்காஹுவா அகற்றலிற் கொண்டுவரப்பட்ட 325 பேரும் ஆண்கள் 60, பெண்களும் சிறுவரும் 265 எனப் பகுக்கப்படுகின்றனர். எண்கள் துல்லியமானவை. துல்லியமே இந்நடையின் அறம். எண்ணிக்கையைப் பெருக்கிக்காட்டிப் பங்கீட்டுப் பொருளைக் களவாடும் முகவரிடமிருந்து கிளம்மை வேறுபடுத்துவது அதுவே. ஆனால், அதே நேர்மை மனிதரை எடைக்கும் தலைக்கணக்குக்கும் உரிய பொருளாக்குகிறது. குறித்த நாளில் வரிசையில் நின்று, எண் பொறித்த உலோகத் தகட்டைக் காட்டி உணவு பெறுவதே ஒதுக்கு நில வாழ்வின் அடிப்படை உறவாயிற்று. தகட்டில் குழுவுக்கு ஓர் எழுத்து; ஆளுக்கு ஓர் எண். வேட்டைக்கும் சேகரிப்புக்கும் மலைச்சாரற் பயிருக்கும் ஏற்பப் பருவந்தோறும் இடம்பெயர்ந்து, உறவுமுறையாற் பகிர்ந்துண்ட ஒரு சமூகத்தின் உற்பத்தி முறை குலைந்து, அதன் இடத்திற் பட்டியல் வந்தமர்ந்தது. பட்டியலை எழுதியவர் ஒரு மணி மாவையும் திருடாதவர் என்பதனால் இவ்வுண்மை மாறிவிடாது.

எனினும், அந்நேர்மை வெறும் போலி என்பதும் பொருந்தாது. நிறை குறையாத இறைச்சி, பசித்த குழந்தைக்கு நிறை குறையாத இறைச்சியே. ஹார்ட்டின் காலத்துப் பசியை அனுபவித்தோருக்கு இவ்வேறுபாடு நன்கு தெரிந்திருக்கும். இதனைப் புறக்கணிக்கும் மார்க்சியம் இயந்திரப் பாங்கானது.

4. பொலிசும் உடன்பிறப்பும்

கிளம்மின் புகழுக்கு அடிப்படை அவர் நிறுவிய அபாச்சிப் பொலிஸ் ஆகும். நால்வரோடு தொடங்கிய இப்படை பின்னர் நூற்றுக்கு மேற்பட்டதாக வளர்ந்தது. பொலிசும் அபாச்சித் தலைவர்கள் அமர்ந்த நீதிமன்றமும் இருப்பதால் வெள்ளைப் படை வேண்டியதில்லை என்பதே கிளம்மின் இடையறாத வாதம். இதனைத் தன்னாட்சியின் தொடக்கமாகக் கண்டு பாராட்டிய ஆய்வாளர் உளர்.

முதுமையில் எழுதிய கட்டுரையிற் கிளம் விவரிக்கும் ஒரு நிகழ்ச்சியை இங்கு எடுத்துக்கொள்வோம். டிசாலின் என்னும் தலைவர் ஒருநாள் சினமுற்று முகவரகத்துட் புகுந்து சுடுகிறார். பொலிசார் அவரைச் சுட்டுக் கொல்கின்றனர். சுட்டவருள் ஒருவர் டிசாலினின் உடன்பிறந்தவர். தம் தலைவனை, தம் அண்ணனைக் கொல்ல நேர்ந்ததாக அவர் கிளம்மிடம் கூறுகிறார். கிளம் அவர் கையைப் பற்றுகிறார். கட்டுரையில் இது கடமையுணர்வின் உச்சமாக, ஏறக்குறைய ஓர் அவலநாடகக் காட்சியாக, அமைகிறது.

எழுத்தாளர் கிளம்மின் ஆற்றலை இவ்விடத்து மறுப்பதற்கில்லை. ஆனால், அவர் கேட்காத வினா ஒன்றுண்டு. உறவுமுறையே சட்டமாக விளங்கிய சமூகத்தில், உடன்பிறந்தானைச் சுடுவது முறை என்றாவதற்கு அடியில் எது உடைந்திருத்தல் வேண்டும்? உடைந்தது எதுவோ அதுவே சான் கார்லோசின் அடித்தளம். காட்சியின் துயரத்தைக் கிளம் உணர்கிறார். அத்துயரத்தை விளைவித்த உறவுகளுள் தாமே ஒரு கண்ணி என்பதை உணரவில்லை. இது தனிமனிதக் குறைபாடன்று. அவர் நின்ற இடத்திலிருந்து பார்க்க இயலாதது அது. கருத்துநிலை என்று நாம் குறிப்பது பொய்யுரையை அன்று. இத்தகைய பார்வை எல்லையையே.

பணிந்து உழைத்தோருக்குக் கிடைத்த பயனையும் வரலாறு பதிந்துள்ளது. 1886 செப்டெம்பரில் ஜெரோனிமோ இறுதியாகச் சரணடைந்தபின், அவரைத் தேடிப்பிடிக்கப் படைக்கு வழிகாட்டிய சிரிக்காஹுவாச் சாரணரும் அவர்களின் குடும்பத்தாரும், ஜெரோனிமோவின் ஆட்களோடு ஒருசேரப் புளொரிடாவுக்குக் கைதிகளாக ஏற்றப்பட்டனர். அவ்வினத்தார் விடுவிக்கப்பட்டது 1913–14 அளவிலேயே. சாரணர் படையினரின் ஊழியர். கிளம்மின் பொலிசார் அல்லர். ஆயினும், ஆட்சியின் கருவியாவது ஆட்சியிற் பங்குபெறுவதாகாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

5. தம்மையே நடித்தோர்

1876இல், இருபதுக்கு மேற்பட்ட அபாச்சி மக்களைக் கிளம் கிழக்கு மாநிலங்களுக்கு அழைத்துச் சென்றார். செலவை ஈடுசெய்யச் சென் லூயிஸ் நகரில் மேடையமைத்து, அவர்களைக்கொண்டே அபாச்சி வாழ்வையும் போரையும் நடித்துக்காட்டச் செய்தார். வருவாய் போதவில்லை, முயற்சி விரைவில் முடிந்தது. 'பஃபலோ பில்' தமது புகழ்பெற்ற காட்சிக் குழுவைத் தொடங்கியது 1883இல் என்பதைக் கருதினால், பின்னாற் பெருவணிகமாகவும் ஹொலிவூட் வகைமையாகவும் வளர்ந்த ஒன்றின் முளையை இங்குக் காண்கிறோம். நிலம் பறிபோய் மூன்று மாதமும் ஆகுமுன், பறிகொடுத்தோர் தம் போரையே கூலிக்கு நடித்துக்காட்டினர்.

அக்குழுவிற் சென்றவருள் ஒருவர் டாசா. கொச்சீஸின் மூத்த மகன். படையெடுப்பின்றிச் சான் கார்லோசுக்குப் பெயர உடன்பட்டவர் அவரே. வாஷிங்டனை அடைந்ததும் நிமோனியாக் காய்ச்சலுற்று 1876 செப்டெம்பரில் இறந்தார். காங்கிரஸ் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார். கிளம் 1931இல் எழுதிய கட்டுரையில் இம்மரணம் இடம்பெறுகிறது. அவருக்கு அது ஒரு நல்ல நண்பனின் இழப்பு. முறையான சடங்கோடு நிறைவுறும் நிகழ்வு. ஊரிலிருந்த உறவினருக்கோ, நலமாகப் புறப்பட்ட தலைவன் திரும்பி வரவில்லை என்பதே செய்தி. ஐயமும் சினமும் எழுந்தன. கிளம் அதே பயணத்தின் இறுதியில் ஒகையோவில் திருமணம் செய்துகொண்டு மனைவியோடு மீண்டார். இவை எதிர்நிலைப்படுத்தி எழுதப்பட்டவையல்ல. ஏடுகளில் அருகருகே கிடப்பவை. அருகருகே வைத்து வாசிப்பதே விமர்சகன் செய்ய வேண்டியது.

6. ஓஹோ கலியந்தே: இரு கூற்றுக்கள்

கிளம் வாழ்நாளெல்லாம் மீளமீளக் கூறிய நிகழ்ச்சி ஒன்றே. 1877 ஏப்ரில் 21 அதிகாலை, ஓஹோ கலியந்தேயில், தமது பொலிசாருட் பெரும்பாலோரைக் களஞ்சியக் கட்டடத்துள் இரவோடிரவாக ஒளித்துவைத்து, ஜெரோனிமோவைப் பேச்சுவார்த்தைக்கு அழைத்து, சைகை காட்டிச் சூழ்ந்து பிடித்தார். ஒரு குண்டும் சுடப்படவில்லை. துணைக்கு வரவேண்டிய குதிரைப்படை குறித்த வேளைக்கு வந்துசேரவில்லை. பின்னாளில் நிகழ்ந்தவையெல்லாம் சரணடைவுகள். உண்மையாகப் பிடிக்கப்பட்டது அன்று ஒருமுறையே என்பது அவரது உரிமைக் கோரிக்கை. 1928ஆம் ஆண்டுக் கட்டுரையில் இக்காட்சி நாடகத் திருப்பத்தோடு விரிகிறது. கதாநாயகன் கிளம், எதிர்நாயகன் ஜெரோனிமோ, நகைப்புக்குரியவர் படையதிகாரிகள்.

ஜெரோனிமோவின் கூற்றும் எமக்குக் கிடைத்துள்ளது. ஓக்லஹோமாவிற் போர்க் கைதியாயிருந்த காலத்தில் அவர் சொல்ல, அசா டக்லூகி மொழிபெயர்க்க, எஸ். எம். பாரெற் எழுதி 1906இல் வெளியிட்ட நூலில் அது உள்ளது. கைதியின் வாக்குமூலம் என்பதால், அதற்கும் உரிய எச்சரிக்கை வேண்டும். அவர் கூறுவது சுருக்கமானது. பேச்சுவார்த்தை என்றெண்ணிச் சென்றார்கள், ஆயுதம் பறிக்கப்பட்டது, விக்டோரியோ விடப்பட்டார், தாம் விலங்கிடப்பட்டார், காரணம் கேட்டபோது முன்னிருந்த இடத்தைவிட்டு நீங்கியமையே குற்றம் எனப்பட்டது. அங்கிருந்த படையினருக்குத் தாம் என்றும் உடைமையாயிருந்ததில்லை என்றும், எங்கு போகலாம் என அவர்களைக் கேட்கவேண்டிய கடப்பாடு தமக்கிருந்ததில்லை என்றும் அவர் கருதுகிறார். கிளம்மின் வாழ்வின் உச்சக் கணமாகிய இவ்விடத்தில், கிளம்மின் பெயர் இல்லை.

முதற் கூற்று 'எவ்வாறு பிடித்தேன்' என்பதற்கு விடை. இரண்டாவது, 'எந்த உரிமையாற் பிடித்தீர்' என்னும் வினா. கிளம்மும் படையினரும் ஐம்பதாண்டு வாதிட்டது முதலாவதைப் பற்றியே. இரண்டாவது அவர்களின் வழக்கில் எழவேயில்லை. ஓஹோ கலியந்தேயிலிருந்து கொண்டுவரப்பட்ட விக்டோரியோவும் அவர் மக்களும் 1877 செப்டெம்பரிற் சான் கார்லோசைவிட்டு வெளியேறியமை அவ்வினாவின் செயல்வடிவம். விக்டோரியோ 1880 ஒக்டோபரில் மெக்சிக்கோவிற் கொல்லப்பட்டார்.

கிளம் பதவி துறந்த சூழ்நிலையும் இதனோடு ஒத்தது. தமது சம்பளத்தைப் போதியளவு உயர்த்தி, மேலும் இரு பொலிஸ் அணிகளைத் தந்தால், அரிசோனாவின் அபாச்சி மக்கள் அனைவரையும் தாமே பார்த்துக்கொள்வதாகவும் படையை முற்றாக அகற்றிவிடலாம் என்றும் அவர் வாஷிங்டனுக்குத் தந்தியடித்தார். எல்லைப்புற வணிகர் கொதித்தெழுந்தனர். படை போனால் வைக்கோலை யாருக்கு விற்பது? இங்கு ஒரு மெய்யான முரண்பாடு உண்டு. ஆயின் அது ஆளும் நலன்களுக்கு இடையிலானது. மலிவான அடக்குமுறைக்கும் செலவு மிகுந்த அடக்குமுறைக்கும் இடைப்பட்டது. கிளம் மலிவானதன் வழக்கறிஞர்.

7. சுரங்கமும் பத்திரிகையும்

சிரிக்காஹுவா மக்களை அகற்றிய சில மாதங்களில், 1876 ஒக்டோபரில், அவர்களது ஒதுக்கு நிலம் ஒழிக்கப்பட்டுப் பொது நிலமாக்கப்பட்டது. 1877இல் அதன் மேற்கெல்லையை அடுத்த குன்றுகளில் எட் ஷீபலின் வெள்ளி கண்டார். அங்கு எழுந்த நகரம் டூம்ஸ்ரன். அந்நகரிலே 1880 மே மாதம் 'எபிராப்' என்னும் பத்திரிகையை நிறுவியவரும், 1881இல் நகர முதல்வரானவரும் ஜோன் கிளம்.

இதிற் சதி எதனையும் நாம் காணவில்லை. 1876இல் வெள்ளியைப் பற்றி அவர் அறிந்திருக்க நியாயமில்லை. நிலத்தை வெறுமையாக்கும் நிருவாகமும், வெறுமையான நிலத்திற் பாயும் மூலதனமும், அம்மூலதனத்தின் நகருக்குக் குரல்தரும் பத்திரிகையும் ஒரே மனிதனின் வாழ்விற் படிமுறையாக, அவர் மனச்சாட்சிக்கு எவ்வித உறுத்தலுமின்றி, அமைந்துவிட்டன என்பதே கருதத்தக்கது. தனிமனித நோக்கத்தை ஆராய்வோருக்கு இங்கு எதுவும் அகப்படாது. வர்க்க இயக்கத்தை நோக்குவோருக்குத் தொடர்பு தெற்றெனப் புலப்படும். சான் கார்லோஸ் நிலமும் செம்பு, வெள்ளி முதலிய கனியங்களின் பொருட்டு 1870கள் தொடக்கம் பன்முறை குறுக்கப்பட்டது. கிளம்மின் நினைவுக் கட்டுரைகளில் ஒப்பந்தகாரர் வருகின்றனர், படையதிகாரிகள் வருகின்றனர், சுரங்கம் மட்டும் கதையின் மையத்துக்கு வருவதேயில்லை.

8. நினைவு, நூல், திரைப்படம்

கிளம் தம் கட்டுரைகளை எழுதிய ஆண்டுகளிலே கீலா ஆற்றிற் கூலிட்ஜ் அணை எழுந்தது. 1930 மார்ச்சில் அது திறந்து வைக்கப்பட்டது. பழைய சான் கார்லோசும் முகவரகம் இருந்த இடமும் நீர்த்தேக்கத்துக்கு உட்பட்டன. தமது ஆட்சியின் களம் நீருள் மறைந்த வேளையில், அதனை எழுத்தில் நிலைநாட்ட முயன்றார் முதியவர். அவருக்கு மறைந்தது இளமையின் அரங்கு. அபாச்சி மக்களுக்கு மறைந்தவை வயல்களும் முன்னோர் புதைக்கப்பட்ட இடங்களும்.

1934இல் ஆதிக்குடிகளின் சுயநிருவாகத்துக்கான சட்டம் நிறைவேறியதன் பின்னணியில், தன்னாட்சியின் முன்னோடியாகக் கிளம்மை நிறுத்தும் 1936ஆம் ஆண்டு நூல் வெளியாயிற்று. ஓடீ மேர்பி கிளம்மாக நடித்த திரைப்படம் வந்த 1956லேயே, ஆதிக்குடிகளை ஒதுக்கு நிலத்திலிருந்து நகரங்களுக்குப் பெயர்க்கும் சட்டமும் வந்தது. நல்ல முகவரின் கதை ஒவ்வொரு முறை மீளச் சொல்லப்படும்போதும், அன்றைய கொள்கைக்கு ஒரு நல்ல முன்வரலாறு கிடைக்கிறது. அக்கதையின் நீடித்த பயன்பாடு இதுவே எனலாம்.

9. முடிவுரையாகச் சில

கிளம்மின் ஏடுகளை அணுகும் முற்போக்கு வாசகர் இரு தவறுகளைத் தவிர்த்தல் வேண்டும். மனிதாபிமானியான கிளம்மைப் படையினருக்கு எதிரே நிறுத்தி, அவர் பக்கம் சேர்ந்துவிடுவது ஒன்று. குடியேற்றவாதத்தின் கையாள் என்ற ஒரு சொல்லோடு ஏடுகளை மூடிவிடுவது மற்றையது. முதலாவது தவறு அகற்றப்பட்டோரின் வினாவை மறைக்கிறது. இரண்டாவது, அவ்வினாவுக்குரிய சான்றுகளையே எறிந்துவிடுகிறது.

அச்சான்றுகளுட் சிறந்ததொன்று எஸ்கிமின்சின் பற்றிய கட்டுரையில் உண்டு. காம்ப் கிராண்ட் படுகொலையிலே குடும்பத்தை இழந்த அவர், கிளம்மின் முதல் நண்பருமாவார். பிற்காலத்திற் சான் பெத்ரோ ஆற்றங்கரையிற் பண்ணை அமைத்து வாழ்ந்தார். 1888இல் வெள்ளையர் ஆயுதத்தோடு திரண்டு வருவதாக அறிந்து, அதனைக் கைவிட்டு நீங்க நேர்ந்தது. பின்னர் அலபாமாவிற் கைதியாக வைக்கப்பட்டார். 1894இற் கிளம் அவரை அங்கு கண்டு, விடுதலைக்காக முயன்று, வெற்றியும் பெற்றார். இச்செயலை மதிக்காதிருத்தல் நேர்மையன்று. அக்கட்டுரையினுள் எஸ்கிமின்சினின் வாக்குமூலம் ஒன்றும் இடம்பெறுகிறது. தம் பண்ணையிலிருந்து கவரப்பட்டவற்றை அவர் ஒவ்வொன்றாகச் சொல்கிறார்: வாற்கோதுமையும் சோளமும் கோதுமையும் 513 மூடை; பூசணி 523; மாடு 32. எண்ணப்பட்டவர் இங்கு எண்ணுகிறார். கொடுத்த பங்கீட்டைக் குறிக்கப் பயன்பட்ட மொழியிலேயே பறித்த பொருளின் கணக்கு வந்துசேர்கிறது. அதனை ஏட்டிற் சேர்த்தவர் கிளம் என்பது அவருக்குரிய பெருமை. அதன் முழுப்பொருளையும் அவர் வாசித்தாரா என்பது வேறு.

பெயர்கள் பற்றிய ஒரு குறிப்போடு இதனை முடிக்கலாம். அபாச்சி மக்கள் கிளம்மை 'உயர்ந்த நெற்றியையுடைய தலைவர்' எனப் பொருள்படும் பெயரால் அழைத்ததாக 1936ஆம் ஆண்டு நூல் கூறுகிறது. ஈவ் போல் என்னும் ஆய்வாளர் முதிய அபாச்சி மக்களிடம் பல்லாண்டு கேட்டெழுதி 1980இல் வெளியிட்ட 'இண்டே' என்னும் நூலில், ஜெரோனிமோவின் கூற்றை முன்னர் மொழிபெயர்த்த அதே டக்லூகி வேறொரு பெயரைச் சொல்கிறார். நெஞ்சை நிமிர்த்தி இறுமாந்து நடந்தமையால், 'வான்கோழிச் சேவல்' என்பதே தம் மக்கள் அவருக்கு இட்ட பெயராம். இரு பெயர்களும் வழங்கியிருக்கலாம். முகவரின் முன்னிலையிற் சொல்லப்பட்டது ஏடுகளில் ஏறியது. அவர் முதுகுக்குப் பின்னாற் சொல்லி மக்கள் சிரித்தது, ஏடேறாமல் நூறாண்டுக்கு மேல் வாய்மொழியிலே வாழ்ந்திருந்தது.